வளாக நூலகத்தில் வாசகர் வட்டம்: எங்கிருந்து வந்தது?

கல்லூரி நூலகத்தில் வாசகர் வட்டம் தொடங்கலாம் என்று யாராவது பேச்செடுத்தால், உடனே ஒரு பதில் வரும். "அதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் சார், நம்ம பிள்ளைகளுக்கு ஒத்து வராது." இன்னொரு பதிலும் உண்டு. "தேர்வு முடியட்டும், பிறகு பார்க்கலாம்." இரண்டாவது பதிலைக் கடைசியில் கவனிப்போம். முதல் பதில் வரலாற்றுக்குப் பொருந்தாதது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர்கள் கூடிப் படித்த கதை, இங்கே பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கிடைத்த காலத்துக்கும் முந்தியது. பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் அலமாரி வந்ததே அப்படிக் கூடிப் படித்தவர்கள் கொடுத்த பணத்தில்தான்.

தோட்டப்புறத்தில் எல்லாருக்கும் எழுத்துத் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் செய்தி தெரியும். எப்படி? மாலையில் கடை வாசலிலோ லயத்துத் திண்ணையிலோ ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கேட்பதோடு விடுவதில்லை. "என்னாப்பா இது, இப்படியா செய்வான்?" என்று நடுவிலேயே வாதம் கிளம்பிவிடும். பாரதக் கதை வாசிப்பிலும் இதேதான். ஒரு பிரதி, ஒரு வாசகர், இருபது கேட்பவர்கள், ஒரு சண்டை. வாசகர் வட்டத்துக்கு இதைவிட வேறு இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

1924இல் கோலாலம்பூரில் தமிழ் நேசனும் 1935இல் சிங்கப்பூரில் தமிழ் முரசும் தோன்றின. இரண்டும் இத்தகைய திண்ணைகளை நம்பி வளர்ந்தவை. ஒரு பிரதி பல கைகள் மாறும், அதைவிட அதிகமான காதுகளுக்குப் போகும். விற்ற பிரதிகளை மட்டும் எண்ணி அக்காலத் தமிழ் வாசகர்களைக் கணக்கிட்டால் கணக்குத் தப்பும்.

இப்போது வளாகத்துக்கு வருவோம். ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949 அக்டோபரில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் பிறந்தது. சில ஆண்டுகளில் இந்திய இயல் துறை ஒன்று தொடங்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. அத்துறையில் எந்த மொழியைக் கற்பிப்பது என்பதில்தான் சிக்கல். ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்ட வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்கு முதன்மை தரப் பரிந்துரைத்தார். அவர் சோழர் வரலாற்றை எழுதியவர், தமிழ்நாட்டவர், சாதாரண ஆள் இல்லை. கல்வித்துறை நோக்கில் அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. இந்திய இயல் என்று உலகப் பல்கலைக்கழகங்கள் அன்று நடத்திவந்த படிப்பு சமஸ்கிருதத்தை மையமாகக் கொண்டதுதான். ஆனால் இந்த நாட்டில் இருந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களுடைய பிள்ளைகள் படித்தது தமிழ்ப்பள்ளியில். அந்தப் பள்ளிகளுக்குப் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பரிந்துரையில் பதில் இல்லை.

தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி இதைப் பெரிய இயக்கமாக மாற்றினார். திருவாரூரில் 1903இல் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் வந்தவர் அவர். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமைய அந்த நிதி பயன்பட வேண்டும் என்பது நோக்கம். கொடுத்தவர்களில் வணிகர்களும் உண்டு. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் உண்டு. 1956இல் இந்திய இயல் துறை தொடங்கியது. தமிழ் அதன் முதன்மை மொழி ஆனது. பின்னர் கோலாலம்பூரில் பந்தாய்ப் பள்ளத்தாக்கில் எழுந்த வளாகத்துக்குத் துறை இடம் மாறியது. 1962 ஜனவரியில் மலாயாப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் தனித்தனி ஆயின.

இங்கே மாணவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். தேர்வில் 'சாரங்கபாணியின் தமிழ்ப்பணி' என்று கேட்டால் தமிழர் திருநாள், தமிழ் முரசு, தமிழர் சீர்திருத்தச் சங்கம் என்று வரிசையாக எழுதிவிடுகிறோம். நிதி திரட்டினார் என்பதையும் ஒரு வரி எழுதுகிறோம். அது எதற்கான நிதி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கோயிலுக்கோ சிலைக்கோ கேட்கவில்லை, புத்தகத்துக்குக் கேட்டார். கொடுத்தவர்களில் பலர் அந்த நூலகத்தின் படியை ஒரு நாளும் மிதித்திருக்க மாட்டார்கள். அதில் ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். தன் பிள்ளை போகுமோ போகாதோ, யாரோ ஒரு தமிழ்ப் பிள்ளை போகும் என்று கொடுத்த காசு அது.

அதே காலத்தில் சிங்கப்பூரில் இன்னொரு நன்கொடையும் நடந்தது. 1874 முதல் ராஃபிள்ஸ் பெயரைத் தாங்கி நின்ற நூலகம் சந்தா கட்டுபவர்களுக்கானது. அங்கே ஆங்கில நூல்களே மேலோங்கி இருந்தன. ரப்பர் வணிகர் லீ கொங் சியான் 1953இல் 3,75,000 வெள்ளி தர முன்வந்தார், ஒரு நிபந்தனையோடு. நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், இந்நாட்டு மக்களின் மொழிகளில் உள்ள நூல்களையும் வாங்க வேண்டும். 1960 நவம்பரில் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் அந்தத் தேசிய நூலகம் திறந்தது. கட்டடம் 2004இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டுவிட்டது. நிபந்தனை இன்னும் இடியவில்லை. இன்று ஒரு வட்டார நூலகத்தில் தமிழ்ப் பகுதி இருக்கிறது என்றால் அதன் வேரில் அந்த நிபந்தனையும் இருக்கிறது.

சரி, அலமாரி வந்துவிட்டது. படிப்பவர்கள்?

அவர்களை உருவாக்கியதில் வளாகத்தைவிடப் பத்திரிகைகளின் பங்கு பெரிது. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். கந்தசாமி வாத்தியார் என்ற புனைபெயரில் பாடம் வந்தது. சிறுகதை என்றால் என்ன, எப்படித் தொடங்குவது, எங்கே முடிப்பது என்று ஞாயிறுதோறும் பாடம். வாசகர்கள் வீட்டிலிருந்து எழுதி அனுப்பினார்கள். கல்லூரி வாசலைப் பார்க்காதவர்களுக்கு ஒரு கல்லூரி அது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலர் இதில் மாணவர்களாகச் சேர்ந்தார்கள். அதையடுத்து 1950களின் தொடக்கத்தில் தமிழ் முரசு 'ரசனை வகுப்பு' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பெயரைக் கவனியுங்கள். முதலாவது எழுதச் சொல்லிக்கொடுத்தது, அடுத்தது படிக்கச் சொல்லிக்கொடுத்தது. படிப்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கும் ஒரு வகுப்பு வேண்டும் என்று அன்றைய பத்திரிகைக்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நமக்கு அது இன்னும் சரியாகத் தோன்றவில்லை என்பது என் கருத்து. முரசின் மாணவர் மணிமன்றத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கங்களில் முதன்முதலாகப் பெயர் அச்சேறிய பிள்ளைகள் பின்னாளில் ஆசிரியர்களாக, எழுத்தாளர்களாக, ஊர்தோறும் மன்றங்கள் நடத்துபவர்களாக வந்தார்கள்.

1952இல் தமிழ் நேசனில் ஆசிரியப் பொறுப்பேற்கக் கோலாலம்பூருக்கு ஒருவர் வந்தார். கரிசல் நாட்டு இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி. 1957 வரை இங்கே இருந்தார். வந்த இடத்தில் சும்மா இருக்கவில்லை. எழுத்தாளர்களையும் வாசகர்களையும் கூட்டி 'இலக்கிய வட்டம்' நடத்தினார். கூடி உட்கார்வது, ஒரு கதையை எடுத்துப் பேசுவது. இங்குள்ள நம் எழுத்தாளர்கள் சிலர் தங்கள் கதையை முதன்முதலாகப் பலர் முன்னிலையில் வைத்து விமர்சனம் கேட்டது அங்கேதான். பாராட்டு விழாக்கள் நிறைந்த நம் சூழலில், "இந்தக் கதையில் இந்த இடம் சரியில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஒரு கூட்டம் எவ்வளவு அபூர்வம் என்பது மேடை ஏறியவர்களுக்குத் தெரியும்.

வளாக வாசகர் வட்டத்தில் முதல் சந்திப்புக்கு எந்தக் கதை என்று யாராவது என்னைக் கேட்டால், அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' என்றுதான் சொல்வேன். காரணம் ஊர்ப்பாசம் இல்லை. கதையே புத்தகம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கதைசொல்லியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அவர் புத்தகம் கொண்டுவந்தால் பறித்துப் படிக்கிறார்கள். அவரும் எல்லார் மீதும் ஒரே அன்பு வைத்திருப்பதாக நம்புகிறார். டைரி அன்பளிப்பு சிலருக்குக் கிடைக்கிறது. சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைப்பதில்லை. கடைசியில் அவன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அது அவர் அவனுக்குத் தந்த அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான்.

மாணவர்களிடம் இதைக் கொடுத்தால் முதலில் வருவது தேர்வுப் பதில். 'கருப்பொருள்: குழந்தைகளிடம் பாரபட்சம் காட்டக் கூடாது. படிப்பினை: அனைவரையும் சமமாக நேசிக்க வேண்டும்.' தப்பில்லை, இரண்டு புள்ளி கிடைக்கும். ஒரு வளாக நூலகத்தில் இந்தக் கதையைப் பேசியபோது, பதிலைச் சொல்லி முடித்த மாணவர்கள் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இரவல் முகப்பில் வேலை பார்க்கும் பணியாளர் ஒருவர் பின்வரிசையில் இருந்தார். வேலை முடிந்து பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரத்தில் வந்து உட்கார்ந்தவர். அவர் கேட்டார்: "எனக்கு ஒன்னு வெளங்கல. அந்தப் பையன் ஏன் கோவிச்சுக்கல? நானா இருந்தா அந்த ஆள் வீட்டுப் பக்கமே போயிருக்க மாட்டேன்." அங்கிருந்துதான் உண்மையான பேச்சு தொடங்கியது. கோபித்துக்கொள்ள உரிமை உள்ள பிள்ளை, உரிமையே தனக்கு இல்லை என்று நினைக்கிற பிள்ளை என்று ஒரு மாணவி பிரித்துச் சொன்னாள். கதைசொல்லி கெட்டவர் இல்லையே, பிறகு ஏன் நமக்கு அவர்மேல் கோபம் வருகிறது என்று விரிவுரையாளர் ஒருவர் கேட்டார். யாராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் எழுந்து போனோம்.

மாணவர்களோடு பணியாளர்களும் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான். மாணவர் மட்டும் இருந்தால் அது வகுப்பாகிவிடும். விரிவுரையாளர் மட்டும் இருந்தால் கருத்தரங்கு. முகப்புப் பணியாளர், ஆய்வக உதவியாளர், அலுவலகக் கிராணி என்று புள்ளிக்காகப் படிக்காதவர் ஒருவர் இருந்தால்தான் கேள்வி வேறு திசையிலிருந்து வருகிறது. அந்தக் காலத்துத் திண்ணையில் இருந்ததும் இதே கலவைதான்.

வரலாற்றுக்குத் திரும்புவோம். 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைக்குத் தலைவராக வந்த தனிநாயகம் அடிகளை நாம் பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சியோடு நிறுத்திவிடுகிறோம். 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாடு. நியாயம்தான், அது பெரிய காரியம். ஆனால் அதே 1966இல் அவர் இன்னொன்றும் செய்தார். தமிழ் ஆய்வுக்கு உதவும் நூல்களின் வழிகாட்டிப் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார்; மலாயாப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. மாநாட்டுக்கு ஊர்வலம் உண்டு, படம் உண்டு. பட்டியலுக்கு எதுவும் கிடையாது. எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வாசிப்பும் இல்லை, ஆய்வும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நூலகர்களுக்கு இது புரியும்.

மாணவர்கள் தாங்களாகவே எடுத்து நடத்திய முயற்சி என்றால், மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் 'பேரவைக் கதைகள்' நினைவுக்கு வரும். 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய சிறுகதைப் போட்டி. மாணவர் பிரிவு, பொதுப் பிரிவு என்று வைத்து, தேர்ந்தெடுத்த கதைகளை நூலாகவும் கொண்டுவந்தார்கள். செயற்குழு ஆண்டுக்காண்டு மாறும், பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள், அடுத்தவர் எடுப்பார். இப்படி மாறிக்கொண்டே இருக்கும் கைகளில் ஒரு முயற்சி இத்தனை காலம் தாங்கியது வியப்பு. என் ஊகம், தேதி நிலையாக இருந்ததும் வேலை தெளிவாக இருந்ததும்தான் காரணம். புதிதாக வரும் பேரவைத் தலைவருக்கு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டிய அவசியமில்லை.

சிங்கப்பூரில் 1970களின் பிற்பகுதியில் நா. கோவிந்தசாமி 'இலக்கியக் களம்' நடத்தினார். பத்திரிகையில் வந்த கதைகளைப் படித்து, கூடிப் பேசி, நல்லதைத் தேர்ந்தெடுப்பது. கோவிந்தசாமியை இன்று இணையத் தமிழின் முன்னோடியாக நினைவுகூர்கிறோம். அவர் கதையாசிரியர், ஆசிரியர் பயிற்சித் துறை விரிவுரையாளர், கறாரான வாசகர் என்பதெல்லாம் பின்னால் போய்விட்டது. பிறகு அங் மோ கியோ நூலகத்தில் கூடிவந்த வாசகர் வட்டம். நூலகக் கூரையின் கீழ், நிறுவனச் சடங்கு அதிகம் இல்லாமல், படித்தவர்கள் படித்ததைப் பேசும் இடம். 2005இல் தேசிய நூலக வாரியம் நாடு தழுவிய வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது நான்கு மொழிகளிலும் நூல்கள் தேர்வாயின. அது மேலிருந்து வந்த ஏற்பாடு. வாசகர் வட்டம் கீழிருந்து வந்தது. இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் கீழிருந்து வந்ததைத்தான் வைத்துக்கொள்வேன். அதற்கு ஒதுக்கீடு நின்றாலும் கூட்டம் நிற்காது.

இத்தனையும் பார்த்த பிறகு, நின்றவை ஏன் நின்றன என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். நடத்தியவர் இடம் மாறிப் போனார். அழகிரிசாமி 1957இல் தமிழ்நாடு திரும்பினார். ஒரு மனிதரின் ஆர்வத்தில் ஓடுவது அந்த மனிதர் இருக்கும்வரைதான் ஓடும். அதனால் வளாகத்தில் தொடங்கும்போதே இரண்டு பேர் பொறுப்பில் இருக்கட்டும், ஒருவர் நூலகப் பணியாளராக இருக்கட்டும். மாணவர் மூன்று ஆண்டில் போய்விடுவார், விரிவுரையாளருக்கு மாற்றல் வரும், நூலகம் அங்கேயேதான் இருக்கும்.

புத்தகப் பிரதி இன்னொரு தலைவலி. நாவலைத் தேர்ந்தெடுத்தால் நூலகத்தில் ஒரு பிரதிதான் இருக்கும், அதுவும் இரவலில் போயிருக்கும். முழுப் புத்தகத்தையும் நகல் எடுத்துக் கொடுப்பது சட்டப்படி சரியில்லை, எழுத்தாளருக்கும் நியாயமில்லை. சிறுகதைத் தொகுப்பு எடுங்கள். ஒரு தொகுப்பிலிருந்து மாதம் ஒரு கதை. கூடும் நாளிலேயே முதல் அரை மணி நேரம் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். படிக்காமல் வந்தவருக்கும் வெட்கமில்லை, படித்து வந்தவருக்கும் இரண்டாம் முறை கேட்பது நட்டமில்லை. குரலில் கேட்கும்போது வட்டார வழக்கு சட்டென்று புரிகிறது என்று மாணவர்களே சொல்வார்கள்.

"தேர்வு முடியட்டும்" என்பவர்களுக்கு இப்போது பதில் சொல்லலாம். எஸ்டிபிஎம் தமிழோ, சிங்கப்பூரின் எச்2 தமிழ் மொழியும் இலக்கியமுமோ, மாணவர்கள் தடுமாறும் இடம் கதைச்சுருக்கம் இல்லை. அதைக் குறிப்புப் புத்தகம் கொடுத்துவிடும். 'உமது கருத்தைச் சான்றுடன் விளக்குக' என்ற இடத்தில்தான் பேனா நிற்கிறது. கருத்து என்பது யாராவது மறுத்துப் பேசும்போதுதான் உருவாகிறது. வகுப்பில் நாற்பது நிமிடத்தில் ஆசிரியரை யார் மறுப்பார்? வட்டத்தில் மறுக்கலாம். அதற்காக வட்டத்தையே தேர்வுப் பயிற்சியாக மாற்றிவிடாதீர்கள், ப்ளீஸ். பயிற்சித்தாளோடு உள்ளே வந்தீர்கள் என்றால் அந்த இரவல் முகப்புப் பணியாளர் அடுத்த மாதம் வரமாட்டார்.

நூலகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இடப் பற்றாக்குறை வரும்போது நூலகங்கள் பொதுவாக முதலில் பார்ப்பது, ஒரு புத்தகம் கடைசியாக எப்போது இரவல் போனது என்பதைத்தான். பல ஆண்டுகள் யாரும் தொடாத நூல் திறந்த அலமாரியிலிருந்து கிடங்குக்குப் போகும், கிடங்கிலிருந்து கழிவுக்கும் போகலாம். யார் காசில் வாங்கியது என்று கணினிப் பதிவில் இருக்காது. ஆகவே வட்டத்துக்கு எடுக்கும் நூலை நூலகத்துக்குள்ளேயே புரட்டிவிட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். முகப்புக்குக் கொண்டுபோய், முறையாகப் பதிந்து, இரவல் வாங்கி, திருப்பிக் கொடுங்கள். அடுத்தவர் அதே நூலை அவர் பெயரில் வாங்கட்டும். பத்துப் பேர் வட்டத்தில் மாதம் ஒரு நூல் என்றாலும் ஆண்டுக்கு நூற்றிருபது பதிவு. கல்வியாண்டின் இரண்டாவது வாரத்தில் தொடங்குவது நல்லது. முதல் வாரத்தில் மாணவர்களுக்கு நூலக அட்டை இன்னும் கைக்கு வந்திருக்காது.